ஐப்பசி மழைக்குப் பிறகு பீட்சா போறணை வெடித்துவிட்டது, உடைக்கத்தான் வேண்டுமா?

தெகிவளை வளவு எழுதியது:

வணக்கம். கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் வீடு. 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்று களைத்துப் பின்வளவில் விறகடுப்பு வைத்தோம். சென்ற தை மாதம் அதன் பக்கத்திலேயே ஒரு பீட்சா போறணையும் கட்டுவித்தேன். உள்ளே தீச்செங்கல், மேலே வெப்பம் காக்கும் பஞ்சுப் போர்வை, வெளியே சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்த பூச்சு. வாரம் தவறாமல் மூட்டியதாலோ என்னவோ, வைகாசி மழையில்கூட ஒரு குறையும் தெரியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை முழுவதும் மூட்டவில்லை. தறப்பாளால் இறுகச் சுற்றிக் கட்டிவைத்திருந்தேன். மகளின் பிறந்தநாளுக்காகச் சென்ற சனிக்கிழமை அவிழ்த்தபோது பூஞ்சண நாற்றம். உட்கல்லைத் தொட்டால் விரல் ஈரமாகியது. விருந்தினர் வந்துவிட்டார்கள் என்ற அவசரத்தில் விறகை அள்ளிப்போட்டுப் பெருநெருப்பு மூட்டினேன். அரை மணி நேரத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஒரு செதில் கூரையிலிருந்து பெயர்ந்து தணலில் விழுந்தது. வாயிலிலிருந்து உச்சிவரை ஒரு வெடிப்பும் ஓடியிருக்கிறது. கூரை கடைசிவரை கறுப்பாகவே இருந்தது. பீட்சாவின் மேற்பக்கம் கருகியது, அடிப்பக்கமோ வேகாத ரொட்டியாக வெளிறிக் கிடந்தது. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் மேலிருந்த சீஸை மட்டும் எடுத்துத் தின்றதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நீர் புகாத வண்ணம் பூசினால் எல்லாம் சரியாகும் என்கிறார் மேசன். பூசலாமா?

கொட்டாஞ்சேனைப் பழைய கை எழுதியது:

தம்பி, உடைக்க வேண்டாம். வண்ணமும் இப்போது பூச வேண்டாம், தயவுசெய்து.

அப்பாவின் பேக்கரியில் பாண் போறணைக்கு முன்னால் வளர்ந்தவன் நான். திருத்த வேலைக்காக அதை அணைத்தால், மறுபடி மூட்டும்போது முதல் மூன்று நாளும் அப்பா ஒரு பாண்கூடச் சுட மாட்டார். சிறுநெருப்பு மட்டும் வைத்து, வாயிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். காரணம் எளிது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. கல்லின் நுண்துளைகளில் இருக்கும் நீர் மெல்லக் கசிந்து வெளியேற வழி இல்லாவிட்டால், கல்லைப் பெயர்த்துக்கொண்டுதான் வெளியேறும். நீங்கள் கேட்ட ‘டப்’ அதுதான். நீர் புகாத வண்ணத்தை இப்போது பூசினால் அந்த நீரை உள்ளேயே சிறைவைத்துவிடுவீர்கள்.

முதல் நாள் கூரை 100 பாகை செல்சியஸைத் தாண்டாதபடி ஐந்தாறு மணி நேரம் சுள்ளி நெருப்பு. பிறகு நாளுக்கு ஐம்பது பாகை ஏற்றுங்கள். வெளிப்பூச்சின் மேல் மெல்லிய பொலித்தீன் தாள் ஒன்றை விரித்துவையுங்கள். அதன் அடிப்பக்கத்தில் பனி போல நீர்த்துளி கோத்து நிற்கும். துளி அரும்பாத நாள் வரும்வரை பீட்சாவை நினைக்கவே வேண்டாம்.

வெடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் விட்டுவிடலாம்: சூட்டில் திறந்து, ஆறும்போது மூடிக்கொள்ளும். நுழைந்தால் தீச்செங்கலுக்குரிய சாந்தால் அடையுங்கள். வெறும் சீமெந்து அந்தச் சூட்டுக்கு நிற்காது.

அடி வேகாததற்கும் ஈரமே காரணம், அதோடு அவசரம். தீச்சுவாலை கூரையைச் சுட்டது, தளம் குளிர்ந்தே கிடந்தது. நாப்போலி பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதியில் தளம் 485 பாகை, கூரை 430 பாகை, வேகும் நேரம் 60 முதல் 90 வினாடி. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் கூரைக் கரி எரிந்து செங்கல் தன் நிறத்துக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் தணலைத் தளம் முழுவதும் பரப்பி அரை மணி நேரம் விட்டு, பிறகு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

வத்தளை சமையற்கட்டு எழுதியது:

விறகையும் கவனியுங்கள். விறகுகாலையில் மழைக்கு நனைந்து கிடக்கும் இறப்பர் விறகை வாங்கி அன்றே எரித்தால் புகைதான் மிஞ்சும். நான் மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, இரண்டு மாதம் கூரைக்குக் கீழ் அடுக்கிவைக்கிறேன். பட்டை உரித்த கறுவாத் தடி கிடைத்தால் விடாதீர்கள், உலர்ந்ததும் சுறுசுறுப்பாக எரியும். மூட்டச் சிரட்டை போதும். வண்ணம் பூசிய பலகை வேண்டவே வேண்டாம், உணவு அந்தப் புகையில்தானே வேகிறது.

தளத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பித்தளைத் தூரிகையே போதும். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில்தான் அள்ள வேண்டும். ஆறியதென்று நினைத்த சாம்பலில் மறுநாளும் தணல் இருக்கும்.

தெகிவளை வளவு எழுதியது:

இருவருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் சொன்னபடியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் பொலித்தீனைத் தூக்கியபோது தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. ஆறாம் நாள் தாள் காய்ந்திருந்தது. நாணயம் வெடிப்பில் நுழையவில்லை. தறப்பாளைக் கழற்றிவிட்டு, நான்கு பக்கமும் காற்றோட்டம் விட்டு மேலே தகரக் கூரை போட்டிருக்கிறேன்.

நேற்று மாலை போறணைக் கூரை வெளுத்தது. முதல் பீட்சாவின் அடியைத் திருப்பிப் பார்த்தேன்: தோசைக் கல்லில் விழுவதைப் போலப் பழுப்புப் புள்ளிகள். மகள் விளிம்புவரை தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள்.