புதுப்பிப்பு: களுவாஞ்சிகுடி மாலை நேரச் சிங்கள வகுப்பு

வளர்ந்தோர் வகுப்பில் முதல் வாரத்திலேயே ஆட்கள் குறைகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, "அரிச்சுவடியை ஒத்திவையுங்கள், வாசிக்க முடியாமல் வீட்டில் வைத்திருக்கும் சிங்களக் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான். காணிக் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாம் மேசைக்கு வந்தன. ஒரு மீனவர் தன் முறைப்பாட்டில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்ததும், பின்வரிசையே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. ஏன் கற்கிறோம் என்பது வளர்ந்தவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று வளர்ந்தோர் கல்வி அறிஞர் மல்கம் நோல்ஸ் சொன்னது எவ்வளவு உண்மை!

எதிர்பாராதது: சிலர் அடகுச் சீட்டைக் காட்டக் கூசினார்கள். இப்போது பெயரையும் தொகையையும் மறைத்துப் பிரதி எடுக்கிறோம். பதில்களில் வந்த, பரிசு கொடுக்கும் யோசனை இங்கே எடுபடவில்லை. பெரும்போக நெல் அறுவடைக்குப் போனவர்கள் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.