விலகுகலம் சரி, 'நிற்கும் கலம்' வேண்டாமே

வணக்கம் ஐயா,

மோதும்படி நெருங்கும் இரண்டு கலங்களில் வழிவிட வேண்டிய கிவ்-வே வெசலுக்கு நீங்கள் தந்த தமிழ்ச்சொல் 'விலகுகலம்' அருமை. கேட்டதும் புரிகிறது, எடுத்துக்கொள்கிறேன். 'படகு' என்று முடிக்கலாமே என்று நண்பர் கேட்டிருந்தார். விதி கப்பலுக்கும் பொது என்பதால் கலமே இருக்கட்டும்.

சிக்கல், மற்றதான ஸ்டாண்ட்-ஆன் வெசலுக்கு நீங்கள் தந்த 'நிற்கும் கலம்' என்பதில்தான். சிங்கப்பூரில் உல்லாசப் படகு ஓட்டும் உரிமத் தேர்வுக்குப் படிக்கும் சிலருக்காகக் குறிப்பு எழுதியபோது நானும் முதலில் 'நிற்கும் கலம்' என்றுதான் போட்டேன். படித்தவர் ஒருவர், "அப்போ இன்ஜினை அணைச்சிடணுமா?" என்று கேட்டார். விதி சொல்வது நேர் எதிர். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளில் 17ஆவது, அந்தக் கலம் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போகச் சொல்கிறது. அதை நம்பித்தான் மற்றவர் சுக்கானைத் திருப்புகிறார். இது திடீரென்று நின்றால் அவர் கணக்கு தப்பிவிடும்.

இரவில் பாருங்கள். இரண்டு மோட்டார் படகுகள் குறுக்கிடுகின்றன. உங்கள் வலப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. அது மற்றப் படகுக்காரருடைய இடப்பக்க விளக்கு. அப்படியென்றால் விலகுகலம் நீங்கள்தான். அவர் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, முன்னால் வெட்டாமல், வலப்பக்கம் திரும்பி அவருக்குப் பின்னால் போக வேண்டும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, முன்கூட்டியே, நன்றாக. அதுவரை உங்கள் வலப்பக்கப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது மறைந்து இடப்பக்கச் சிவப்பு தெரியும். அப்போதுதான் அவருக்கு மூச்சு வரும்.

ஸ்டாண்ட்-ஆன் வெசலுக்கு 'உரிமைக்கலம்' என்பதும் பொருந்தாது. அமெரிக்காவில் முன்பு 'பிரிவிலெஜ்டு' (சலுகை பெற்ற கலம்) என்றுதான் சொன்னார்கள், பிறகு கைவிட்டார்கள். மற்றவர் விலகுவது மட்டும் போதாது என்ற நிலை வந்தால் இந்தக் கலமும் மோதலைத் தவிர்த்தே ஆக வேண்டும். உரிமை என்றால் அது மறந்துபோகும். 'தொடர்கலம்' என்றால் பின்னால் துரத்தி வருவது போல இருக்கிறது, முந்தும் கலத்தோடு குழம்பும். 'நேர்கலம்' நேருக்கு நேர் வருவதாகிவிடும்.

என் பரிந்துரை 'மாறாக்கலம்'. கடைசி நேரத்தில் அதுவும் மாறுமே என்பீர்கள். மாறும்தான். ஆனால் பயில்பவருக்கு முதலில் பதிய வேண்டியது 'மாறாதே' என்பதே. இன்னொருவருக்கு 'விலகு'. இரண்டு பெயரிலும் கட்டளை உள்ளேயே இருக்கிறது.

அப்புறம், போர்ட் பக்கத்துக்கு வெறும் 'இடம்' வேண்டாம், 'இடப்பக்கம்' என்றே வைப்போம். காற்றிரைச்சலில் ஒருவர் "இடம்!" என்று கத்தினால், திருப்பச் சொல்கிறாரா, இடம் விடச் சொல்கிறாரா?