ஒண்ணாப்பு பொண்ணு, ஒரே ஃப்ரெண்டு, அவளும் கா விட்டுட்டா. கவுன்சிலர்கிட்ட போலாமா?

தேனிக்காரி:
வணக்கம், பொண்ணுக்கு ஆறு வயசு. கிளாஸ்ல ஒரே ஒரு ஃப்ரெண்டுதான், அந்தப் பிள்ளை வச்சதுதான் சட்டம், "அவகூட பேசுனா உன்கூட கா"ன்னு சொல்லிடுமாம், இவளும் வேற யார்கூடயும் பேசுறதில்ல. போன வாரம் புது ரப்பர் குடுக்கலன்னு கா விட்டிருக்கு. அன்னிக்கு டிபன் பாக்ஸ தொறந்தா இட்லி வச்சது வச்சபடி காஞ்சு கெடக்கு. நாலு நாளா யூனிஃபார்ம எடுத்தாலே வயித்து வலிங்கறா, டாக்டர்கிட்ட காட்டியாச்சு, வயித்துல ஒண்ணும் இல்லன்னுட்டார். மிஸ்தான் ஸ்கூல் கவுன்சிலர ஒருதடவ பாருங்கன்னாங்க. வீட்டுல வந்து சொன்னேன் பாருங்க, மாமியார் "புள்ளைக்கு பைத்தியப் பட்டம் கட்டப் போறியா, நாளைக்கு எவன் கட்டுவான்"ங்கறாங்க, ஆறு வயசுக்கே மாப்பிள்ளை வரைக்கும் போயாச்சு. இவர் வாயே தொறக்கல. என்ன பண்ண?

ஓரமா ஒருத்தன்:
எங்க காலத்துல காலைல கா, சாயங்காலம் பழம். எந்தக் கவுன்சிலர் வந்தாரு? விடுங்க தன்னால சரியாயிடும்.

சாக்பீஸ் டப்பா:
14 வருஷமா சின்ன கிளாஸ் எடுக்குறேன். அண்ணன் சொல்றதுல பாதி சரி, இந்த வயசுல ஃப்ரெண்டுன்னா யாரு பக்கத்துல உக்காருறா, யாரு கலர் பென்சில் தர்றா, அவ்ளோதான். ஆனா சாப்பிடாம, ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு வயித்தப் பிடிக்கிறது வேற கதை, அது நடிப்பும் கெடையாது, பயத்துல பிள்ளைங்களுக்கு நெஜமாவே வயிறு வலிக்கும். போய்ப் பாருங்க சிஸ்டர்.

அந்தப் பிள்ளைய வீட்டுல கரிச்சுக் கொட்டாதீங்க, அதுக்கும் ஆறு வயசுதான். மிஸ்ஸக் கேட்டு இன்னொரு சாதுவான பிள்ளைய சனிக்கிழமை வீட்டுக்கு கூப்பிடுங்க. ஒண்ணே ஒண்ண மட்டும். மூணு சேந்தா ரெண்டு ஒண்ணாயி ஒண்ண ஒதுக்கிடும், தெனம் பாக்குறேன். டிவி வேணாம், சப்பாத்தி மாவ உருட்டிக் குடுங்க, ஒரு மணி நேரம் போதும், சண்ட வர்றதுக்கு முன்னாடி அனுப்பி வச்சிருங்க. அப்புறம் சும்மா "தைரியமா பேசு"ன்னா குழந்தைக்கு ஒண்ணும் வெளங்காது, வசனத்தையே குடுக்கணும்: "நான் அவகூடயும் வெளாடுவேன், உன்கூடயும் வெளாடுவேன்." பொம்மைய வச்சு ரெண்டு மூணு தடவ சொல்லவைங்க.

மாடிவீட்டு அப்பா:
எங்க அம்மாவும் இதே டயலாக்தான். பையன கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனப்ப எதிர்வீட்டுல "என்ன கீழ்ப்பாக்கமா"ன்னு சிரிச்சாங்க. சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கறது 1794ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரிங்க, இத்தன தலைமுறைக்கு வைத்தியம் பாத்த எடம், நம்ம சினிமா காமெடியில அத ஒரு வசவாவே ஆக்கி வச்சிருக்கோம், பிள்ளைங்களும் அதக் கேட்டுத்தான் ஸ்கூல்ல ஒருத்தன ஒருத்தன் லூசுங்குது. நான் என்ன பண்ணேன்னா அடுத்த தடவ அம்மாவையும் கூடவே கூட்டிட்டுப் போயிட்டேன். அந்த டாக்டரம்மா தரையில உக்காந்து இவன்கூட கார் பொம்மை ஓட்டிக்கிட்டே பேசுனாங்க, மாத்திரையே எழுதல. வெளிய வந்ததும் அம்மா மெதுவா "எனக்குக்கூட ராத்திரில தூக்கம் வரமாட்டேங்குது, அந்தப் பொண்ணுகிட்ட கேக்கலாமாடா"ங்கறாங்க!

நேர்ல போக யோசனையா இருந்தா டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416க்கு போன் பண்ணுங்க, 2022லேர்ந்து இருக்கு, இலவசம், தமிழ்லயே பேசலாம், ராத்திரிலயும் எடுப்பாங்க.

தேனிக்காரி:
எல்லாருக்கும் தேங்க்ஸ். இன்னிக்கு ஒரு பிள்ளை வந்துச்சு. மொத அரை மணி நேரம் ரெண்டும் பேசவே இல்ல, ஆளுக்கொரு மூலையில மாவ உருட்டுச்சுங்க. அப்புறம் என்ன ஆச்சோ, பாம்பு செஞ்சு தூங்கிட்டு இருந்த மாமியார் கழுத்துல போட்டுட்டாங்க, அவங்க போட்ட சத்தத்துல ரெண்டும் உருண்டு சிரிக்குது. திங்கக்கிழமை கவுன்சிலர பாக்கப் போறோம். மாமியாரும் வர்றாங்க, பேரன்ட்ஸ் மீட்டிங்னு சொல்லி வச்சிருக்கேன்.