கண்ணாடி காலமா, சிலிக்கா காலமா: மறுபடி அதே சண்டை

கண்ணாடிக்கிழவன்: நேத்து ஒரு பையன் "ஜிசி-க்கு (கேஸ் க்ரோமேட்டோகிராஃபி, கலவைய ஆவியாக்கிப் பிரிச்சுப் பாக்கற முறை) கண்ணாடி கேபிலரி காலம் (column, கலவை உள்ள ஓடிப் பிரியற மெல்லிசு குழாய்) ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அதிர்ஷ்டம் இருந்தா பீக் (சார்ட்ல கூர்மையான முனை), இல்லன்னா வால் (முனை பின்னால இழுபடறது)"னு எழுதிட்டுப் போயிருக்கான். தம்பி, டெஸ்டிங்கற ஆராய்ச்சியாளர் 1960லயே கண்ணாடிய மயிர்க்கனத்துல இழுத்து சுருளா சுத்துற மெஷின் செஞ்சுட்டாரு, அப்புறம் சூரிச்ல குரோப் தம்பதி உள்சுவர்ல பேரியம் கார்பனேட் படிய வச்சு உள்ள பூசற படலம் (கலவைய பிரிக்கற பூச்சு) பிரியாம நிக்க வச்சாங்க, இதெல்லாம் அதிர்ஷ்டமா?

சிலிக்காசின்னா: அந்தப் பையன் நான்தான் சார். நுனிக்கு பதில் சொல்லுங்க. சுருளா இருக்கறத இன்ஜெக்டர்ல (சாம்பிள உள்ள விடற இடம்) சொருகணும்னா ரெண்டு நுனியையும் தீயில காட்டி நிமித்தணும், அங்க படலம் கருகி வெறும் கண்ணாடி தெரியும், அமீன் (காரத்தன்மை உள்ள ஒரு வகை சேர்மம்) போய் ஒட்டிக்கும், பீக் வால் விடும். ஆளுக்கு ஒரு கை, எப்படி ஒரே ரிசல்ட் வரும்?

கண்ணாடிக்கிழவன்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நிமித்தினதும் நுனிக்குள்ள கார்போவாக்ஸ் (வெறும் கண்ணாடிய மூடற பாலிமர்) கரைசல் விட்டு சூடு காட்டுவோம், கதை முடிஞ்சுது. உனக்கு பர்னரே புடிக்கத் தெரியாது.

மெத்தனால்மாமா: ரெண்டு பேரும் எந்தக் கண்ணாடினு சொல்லவே இல்லயே? சோடா லைம் காரம், பைரெக்ஸ்ல போரான், குணமே வேற வேற.

சிலிக்காசின்னா: மாமா அது அப்புறம். நுனி சார், நுனி. காலம் அவ்ளோ ஒழுங்குன்னா 1978ல குரோப்பே எதுக்கு டெஸ்ட் மிக்ஸ் (காலத்தோட தரத்த சோதிக்கற கலவை) கொண்டு வந்தாரு? நம்பிக்கை வழிஞ்சதாலயா? மறு வருஷமே ஜெர்மனில ஹிண்டலாங் மாநாட்டுல டான்டெனோவும் ஸெரென்னரும் ஃப்யூஸ்ட் சிலிக்காவ (சுத்த சிலிக்காவ உருக்கி இழுத்த, வளையற குழாய்) காட்டுனாங்க, கண்ணாடி காலம் காலமாயிடுச்சு 😂

தமிழார்வலன்: காலம்னா டைம்னு படிக்கறேன். நிரல்னு எழுதுங்க.

மெத்தனால்மாமா: நிரல்னா கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்யா.

தமிழார்வலன்: உங்கள மாதிரி ஆளுங்களாலதான் தமிழ் இப்படி ஆச்சு.

கண்ணாடிக்கிழவன்: நிரலோ குழாயோ, வேற எங்கயாவது போய் அடிச்சுக்கங்க. டேய் சின்னா, உன் சிலிக்காவுக்கு வெளில பாலிஇமைட் (ஒரு வகை பிளாஸ்டிக்) சட்டை, 360 டிகிரி தாண்டி வச்சுப் பாரு, சட்டை கருகி தொட்டா ஒடையும். நுனி நுனிங்கறியே, இன்ஜெக்டர் பக்கம் அழுக்கு சேர்ந்துச்சுனு நீ மட்டும் நுனிய வெட்டி வெட்டி 30 மீட்டர் காலத்த எவ்ளோ ஆக்கி வச்சிருக்க? அது கணக்குல வராதா? போன வருஷம் செப்டம் (இன்ஜெக்டர மூடற ரப்பர்) லீக்னு தலையால அடிச்சுக்கிட்டேன், காலம்தான் சரியில்லனு எங்கிட்ட மல்லுக்கு நின்ன, கடைசில என்ன ஆச்சு? சொல்லேன் இவங்களுக்கு.

சிலிக்காசின்னா: செப்டத்த ஏன் இழுக்கறீங்க? வெட்டறது வேற, எரிக்கறது வேற.

கண்ணாடிக்கிழவன்: நான் எரிக்கல, நிமித்தறேன். என் சுருள் இன்னும் டப்பால இருக்கு, க்ரோமேட்டோகிராமும் இருக்கு, சார்ட் பேப்பர் மஞ்சளாயிடுச்சு, அமீன் பீக் ஊசி மாதிரி நிக்கும். நாளைக்கு ஸ்கேன் பண்ணிப் போடறேன்.

சிலிக்காசின்னா: ஒரு சுருளுக்குப் போட்டா பத்தாது, பத்துக்குப் போடுங்க. நுனி போட்டோவோட.

கண்ணாடிக்கிழவன்: முதல்ல நீ உன் செப்டத்த மாத்து.