பொருள்: வெந்நிக் குழாய் வடக்க வருது, ஹியரிங்குக்கு வேன் வாடகை வேணும்

ஊர் சொந்தங்களுக்கு வணக்கம். பெருநாளுக்குப் போன எங்க மாமா வந்து சொன்னாவ, வள்ளம் ஏத்துற எடத்துக்கு வடக்க செவப்பு பெயிண்ட் அடிச்ச கல்லு வரிசையா நட்டிருக்கானாம், விசாரிச்சா மின்நிலையத்துக்கு அனுமதி வாங்கும்போது தெக்க காட்டுன, சுடுதண்ணியக் கடல்ல விடுற வெந்நிக் குழாய இப்ப மாத்தி நம்ம பாருக்கு (கடலடிப் பாறைக்கு) நேரா எறக்கப் போறானாம். சிங்கி எறா கெடக்குற பாரு அது. விடுற தண்ணி கடல் தண்ணிய விட 7 டிகிரிக்கு மேல சூடா இருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, சரி, 7 டிகிரி ஏறுனா மட்டும் நெத்திலி கரைக்கு வந்துருமாக்கும்?

ஹியரிங், அதான் கருத்துக் கேட்புக் கூட்டம்னு பேப்பர்ல போட்டாச்சு. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 30 நாள் டயம், திட்ட அறிக்கைக்குத் தமிழ்ல சுருக்கமும் வச்சிருக்கணும். மாமா பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டதுக்கு பீரோவத் தொறந்து தலகாணி சைஸ்ல இங்கிலீஷ் புத்தகத்த நீட்டுனாவளாம். இந்தக் கூட்டத்துக்கு இத்தன பேரு வந்தாத்தான் செல்லும்ங்கிற கோரம் கெடையாது, பத்து பேரு வந்தாலும் நடத்தி முடிச்சிருவான். ரெண்டு வேன், ஜெராக்ஸ், புத்தகத்தப் படிச்சுச் சொல்ல ஒரு ஆளு. ஆளுக்கு ஆயிரம் போடுங்க.
- கீழத்தெரு, குவைத்

அண்ணாச்சி, காசு போட நான் ரெடி. கல்லறைத் தோட்டம் காம்பவுண்டு கட்டுனதுல மிச்சம் எங்க? சிமெண்டு பில்லு வந்துச்சு, கம்பி பில்லு இன்னும் வரல. மிச்சப் பணம் யாரு கையில இருக்குன்னு சொல்லிட்டு வேன் புடிங்க. வாடகை டீசலோட சேத்தா, தனியா? படிச்சுச் சொல்லுத ஆளு ஒங்க மச்சினனா?
- மஸ்கட்

தம்பி, கம்பி பில்லப் பொறவு தேடுவோம். 2019ல கூடங்குளத்துல எரிஞ்ச அணு எரிபொருள் வைக்கிற கிடங்குக்கு ராதாபுரத்துல ஜூலை 10ன்னு ஹியரிங் தேதி வச்சாங்க, சுத்துப்பட்டு ஊரெல்லாம் எந்திச்சு நின்னுச்சு, தேதியவே தள்ளி வச்சாங்க. நம்ம ஊர்ல இருந்து பத்து பேரு போயி பின்வரிசையில உக்காந்துட்டு வந்தா பக்கத்தூருக்காரன் சிரிக்க மாட்டானா?

போறவியகிட்ட சொல்லி விடுங்க, திட்டம் வேணுமா வேண்டாமான்னு பேச ஆரம்பிச்சா வாய அடைச்சிருவாவ, குழாய ஏன் மாத்துதன்னு மட்டும் கேளுங்க. பேசுனத கடைசில தமிழ்ல வாசிச்சுக் காட்டணும், அதுக்கு முந்தி பிரியாணிப் பொட்டலத்த வாங்கிட்டு யாரும் எந்திச்சுப் போயிரக் கூடாது. இங்க இருக்க நாம மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதியே அனுப்பலாம், நான் எழுதியாச்சு.

அந்தப் பாருல எங்க அப்பா கட்டுமரத்துல போயிப் புடிச்ச சிங்கிய அம்மா ஓலப்பொட்டில சுமந்து வித்துத்தான் எனக்கு பீஸ் கட்டுனாவ. கொடிமரக் கல்வெட்டுல அவிய பேர விட்டதயும் நான் மறக்கல. ரெண்டு வேனும் என் செலவு. ஆனா வேன் கீழத்தெருவுலயே நின்னுட்டுப் போயிரக் கூடாது, எங்க தெரு முக்குக்கும் வரணும்.
- சிங்கப்பூர்