பிச்சி படர்கிறது, பூக்க மாட்டேன் என்கிறது: உங்கள் அனுபவம் என்ன?

தக்கலைக்காரன்:
நாற்றுப்பண்ணையில் வாங்கி நட்ட பிச்சி (சில ஊர்களில் ஜாதிமல்லி என்பார்கள்) மாடிக் கைப்பிடிச் சுவர்வரை ஏறிவிட்டது. இலை நல்ல கரும்பச்சை. பூ மட்டும் சாமி படத்துக்கு வைக்கக்கூடக் காணாது. உரம் போதவில்லை என்கிறார்கள். உங்கள் வீட்டில் எப்படி?

தோவாளைப் பொண்ணு:
அண்ணே, இலை கரும்பச்சையாக இருந்தால் உரத்தைக் குறை சொல்ல வேண்டாம், கொடி எங்கே நிற்கிறது, கடைசியாக எப்போது வெட்டினீர்கள், இந்த இரண்டையும் சொல்லுங்கள். நான் பிறந்தது தோவாளைப் பக்கம், கட்டிக்கொண்டு வந்தது மார்த்தாண்டத்துக்கு மேற்கே. அம்மா வீட்டுக் கொடியில் பதியன் போட்டு, அதாவது கொம்பை மண்ணில் புதைத்து வேர்விட வைத்து, எடுத்ததைத்தான் இங்கே நட்டோம். அங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் வெயிலும் வாட்டுகிற மண்ணில் கூடை கூடையாகக் கொடுத்த அதே பிச்சி, இங்கே தென்னைக்கும் பக்கத்து விளை ரப்பருக்கும் நடுவில் வெயிலைத் தேடி மேலே மேலே போனதே தவிர மொட்டு வைக்கவில்லை. கிழக்குப் பார்த்த மதில் ஓரம், உச்சி வெயில்வரை படுகிற இடமாகப் பார்த்து இன்னொரு பதியன் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

அடுத்தது கவாத்து, அதாவது கொம்பு வெட்டுவது. பிச்சி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டுக் கட்டும், பழைய கொம்பை எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அது தண்ணீர் குடிக்குமே ஒழியப் பூக்காது. மார்கழிக் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும், காய்ந்த கொம்பு, உள்ளே பின்னிக் கிடக்கிற மெலிந்த கொம்பு எல்லாம் சேர்த்து. எங்கள் அத்தை “பூக்கிற செடியில் யாராவது கத்தி வைப்பார்களா” என்று அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. பங்குனியில் பூத் தொடுக்க நார் தேடினது அவர்கள்தான், அது வேறு கதை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. மழை விடாமல் பிடித்திருக்கும்போது வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி கொம்பு மேலிருந்து கறுத்துக்கொண்டே வரும். தை பிறந்தாலும் பரவாயில்லை, மழை வெறித்த பிறகு வெட்டுங்கள், வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள். அப்புறம் தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு மக்கின சாணிப்பொடி நிறையப் போடலாம், தோட்டக்காரர்கள் செடிக்கு 10 கிலோ கணக்கு வைப்பார்கள். தூரில் தண்ணீர் மட்டும் தேங்கவே கூடாது.

மஞ்சள் இலையைப் பற்றியும் கேட்பீர்கள். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் அடிக்க வேண்டும். அடி இலை மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் வேரில் தண்ணீர் நிற்கிறது, மேற்கே எங்களுக்கு இதுதான் அதிகம். கடைக்காரர் கொடுக்கிற மருந்தெல்லாம் அதற்கு வீண் செலவு.

குலசேகரம் பாட்டி:
பிள்ளே, நான் கவாத்தும் பண்ணுவதில்லை ஒன்றும் பண்ணுவதில்லை, வருடா வருடம் பொங்கல் சமயத்தில் ஆடு புகுந்து மொட்டையடித்துவிடும், சித்திரையில் நன்றாகத்தான் பூக்கிறது. எனக்குத் தொல்லை மொட்டுதான். பிச்சி மொட்டின் வெளிப்பக்கம் லேசாகச் சிவப்புக் கோடு ஓடும் அல்லவா, இது அப்படி இல்லை, மொட்டு முழுக்க ஊதா பூத்து விரியாமலே விழுகிறது.

தோவாளைப் பொண்ணு:
பாட்டி, உங்கள் ஆடு செய்ததும் கவாத்துதான். அந்த ஊதா மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள், பச்சை உடம்பும் கறுத்த தலையுமாக ஒரு சின்னப் புழு சுருண்டிருக்கும். ஓட்டை வாயில் நூலாம்படை மாதிரி இழையும் எச்சமும் ஒட்டியிருக்கும். மொட்டுப்புழு. பக்கத்து மொட்டுகளையும் இழையால் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். கெட்ட மொட்டைப் பறித்துக் கீழே போடாதீர்கள், அடுப்பில் போடுங்கள். வேப்பங்கொட்டையை இடித்து லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்பு சேர்த்து மறுநாள் சாயங்காலம் தெளித்தால் போதும், தலையில் வைக்கிற பூவுக்கு விஷ மருந்து எதற்கு. முகூர்த்த நாள் நெருங்கினால் தோவாளைச் சந்தையில் பிச்சி கிலோ 1,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது, அதனால் விவசாயி மருந்து அடிப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வேண்டாம்.

ஆட்டை மட்டும் மாசியோடு கட்டிப் போடுங்கள், அது மொட்டு வந்ததா வரவில்லையா என்றெல்லாம் பார்க்காது.