ஏற்காடு இறக்கத்தில் எரியும் ஏபிஎஸ் விளக்கு: மாட்யூல் மாத்தணுமா?

காப்பித்தோட்டம்:
வணக்கம். 2019 மாடல் பெட்ரோல் கார். ஏற்காட்டுல இருந்து அடிவாரம் இறங்கறப்ப, இடது பக்கம் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கிற கொண்டை ஊசி வளைவுல மட்டும் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தறப்ப சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற அமைப்பு) மஞ்சள் விளக்கு எரியுது. ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணா போயிடும். அஸ்தம்பட்டி, அஞ்சு ரோடு பக்கமெல்லாம் ஓட்டறப்ப வர்றதே இல்லை. பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. ஸ்கேனர்ல சி 0035ன்னு ஒரு கோளாறு கோடு (code) காட்டுச்சு. ஏபிஎஸ்ஸை இயக்கற கம்ப்யூட்டர் பெட்டியான மாட்யூலையே மாத்தணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்புல சொல்றாங்க. விலையைக் கேட்டா தலை சுத்துது. அதுக்கு முன்னாடி வேற எதைப் பார்க்கலாம்?

சூரமங்கலம்:
ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கி வெச்சிடுங்க. அந்தக் காலத்து அம்பாசிடர் ஏபிஎஸ் இல்லாமத்தானே மலை ஏறுச்சு.

ஸ்பேனர்:
அண்ணா, தயவுசெஞ்சு அந்த வேலை வேண்டாம். ஃபியூஸை எடுத்தா ஏபிஎஸ்ஸோட இபிடியும் (முன், பின் சக்கரத்துக்கு பிரேக் விசையைப் பிரிச்சுக் கொடுக்கிறது) போயிடும். இறக்கத்துல வண்டி எடை முழுக்க முன்னால சாயும், பின் சக்கரத்துல பிடிமானம் குறையும். அங்க பிரேக் அழுத்தத்தைக் குறைக்கிறதே இபிடிதான். அது இல்லாம மழையில அழுத்தினா பின்பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிஞ்சா வண்டியை இறக்கவே இறக்காதீங்க.

காப்பித்தோட்டம், சி 0035ன்னா முன் இடது சக்கரத்தோட வேக சென்சார் சர்க்யூட். மாட்யூல் கெட்டதுன்னு அதுக்கு அர்த்தம் இல்லை. நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு: ஸ்டீயரிங்கை ஒடிச்சாத்தான் வருது. சென்சார் வயர் ஹப்புல (சக்கரம் மாட்டற நடுப்பகுதி) இருந்து கிளம்பி, ஷாக் அப்சார்பர்ல ஒரு கிளிப்புல மாட்டி, பாடிக்குள்ள போகும். ஒவ்வொரு தடவை ஒடிக்கிறப்பவும் அது மடங்கி நிமிரும். இருபது கொண்டை ஊசியில ஏறி இறங்கற வண்டியில மேல் ரப்பர் நல்லா இருக்க, உள்ள செம்பு மட்டும் அறுந்திருக்கும். டவுன்ல ஓட்டறப்ப கடைசி வரைக்கும் ஒடிக்கிறது (முழு லாக்) கம்மி, அதான் அங்க வர்றதில்லை.

வாசல்லயே பார்த்துடலாம். சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவா திருப்புங்க. வயர் அறுந்திருந்தா வண்டி நின்ன இடத்துலயே விளக்கு வர வாய்ப்பு இருக்கு. வரலைன்னா இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன்ல வெச்சு, ஒருத்தர் டேஷ்போர்டு விளக்கைப் பார்க்க இன்னொருத்தர் கிளிப் பக்கத்துல வயரை விரலால மடக்கிப் பாருங்க.

காப்பித்தோட்டம்:
மல்டிமீட்டர் இருக்குங்க. ஓம்ஸ் வெச்சுப் பார்க்கலாமா?

ஸ்பேனர்:
வேண்டாம். பழைய காந்தச் சுருள் சென்சார்னா சுமார் 1000, 2000 ஓம்ஸ் காட்டும். உங்க வருஷத்து வண்டியில பெரும்பாலும் ஆக்டிவ் வகைதான். அதுக்குள்ள சிப் இருக்கு, ஓம்ஸ் அளந்தா உருப்படியா ஒண்ணும் தெரியாது, சிப் கெடவும் கெடலாம். கனெக்டரைக் கழட்டி, சாவி ஆன்ல வண்டிப் பக்கத்து ரெண்டு பின்லயும் வோல்ட் பாருங்க. பேட்டரி அளவுக்குக் கிட்டத்தட்ட வந்தா மாட்யூல்ல இருந்து அந்த இடம் வரைக்கும் சப்ளை சரி.

குப்பனூர் ரோடு:
எனக்கு வேற மாதிரி இருந்துச்சு. வண்டி நிக்கப் போற நேரத்துல, பத்து கிலோமீட்டர் வேகத்துக்கும் கீழ, பிரேக் பெடல் கால்ல கடகடன்னு அடிச்சுது. அது வயர் இல்லை. பிரேக்ல தேயுற இரும்புத்தூள் சென்சார் முனையிலயும், சக்கர வேகத்துக்காக சென்சார் படிக்கிற பேரிங் காந்த வளையத்துலயும் அப்பிக்கிட்டு, மெதுவா போறப்ப சிக்னல் விட்டுப்போச்சு. துடைச்சதும் சரி. பேரிங் மாத்தினவங்க ஒண்ணு கவனிங்க: காந்த வளையம் இருக்கிற பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டா சிக்னலே வராது.

காப்பித்தோட்டம்:
சொன்ன மாதிரியே பார்த்தேன். இடது கடைசிக்குத் திருப்பினதும் நின்ன இடத்துலயே எரிஞ்சுது! வோல்ட்டும் சரியா வருது. ஷாக் அப்சார்பர் கிட்ட ஒரு விரல் நீளத்துக்கு வயர் நூல் மாதிரி தொளதொளன்னு மடங்குது. அந்த இடத்தை மட்டும் வெட்டி முறுக்கி டேப் சுத்திடலாமா?

ஸ்பேனர்:
மடங்கற இடத்துல ஒட்டு நிக்காது, ஒரு மழை போதும். வயரோட சேர்ந்த முழு சென்சாரா வாங்குங்க. இடது, வலது பார்ட் நம்பர் வேற வேற, பார்த்து வாங்குங்க. பழசு ஹப்புல துருப்பிடிச்சு இறுகியிருக்கும். சுத்தியல்ல தட்டினா தலை ஒடிஞ்சு முனை உள்ளயே நின்னுடும். துரு ஆயில் அடிச்சு, ஊறவிட்டு, இடம் வலமா திருகித் திருகி எடுக்கணும். குழியை எமரி பேப்பரால தேய்ச்சுட்டுத் தூளை வழிச்சு எடுத்துடுங்க. சென்சார் படிஞ்சு உக்காரலைன்னா இடைவெளி கூடி மறுபடி அதே விளக்குதான்.

காப்பித்தோட்டம்:
சேலத்துல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட புதுசு போட்டாச்சு. ஸ்கேனர்ல அந்த சி 0035 கோடை அழிச்சு, கொஞ்ச தூரம் ஓட்டினதும் விளக்கு அணைஞ்சுது. ஸ்கேனர்ல நாலு சக்கர வேகமும் வருது. வளைவுல மட்டும் உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் கம்மியா காட்டுது, அது சரிதானே?

ஸ்பேனர்:
சரிதாங்க, உள்பக்கம் ஓடற தூரம் குறைவு. திடீர்னு பூஜ்யம் ஆனாத்தான் தப்பு. ஷாக் அப்சார்பர் கிளிப்புல புது வயரை மாட்டியிருக்காங்களான்னு மட்டும் பார்த்துடுங்க.

காப்பித்தோட்டம்:
பார்த்தேன், தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அமுக்கி மாட்டிட்டேன். ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பார்த்தாச்சு, டயர்லயும் படலை, இழுக்கவும் இல்லை. நன்றிங்க.